முன்மேசையில் வைத்த சொட்டு மருந்து

என் வீட்டுக்காரர் தன் கண் குணமாகிவிட்டது என்று எங்கள் சபையில் சாட்சி சொன்ன நாளில், அந்தக் கூடத்தில் கைதட்டாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். பக்கத்தில் இருந்த அக்கா என் முழங்கையை இடித்து, "தட்டுங்க டீச்சர், உங்க வீட்டுல நடந்த அற்புதம், நீங்களே இப்படி மரம் மாதிரி உக்காந்திருந்தா எப்படி?" என்றார். நான் தட்டவில்லை. அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. வந்தது பயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

நாங்கள் இருப்பது நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் தொடக்கப்பள்ளியில் டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லுமுன். என் வீட்டுக்காரர் விவசாயம். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தும் கதிர் அறுத்தும் வாழ்ந்த குடும்பம். இவர் காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது, பக்கத்தில் கொஞ்சம் குத்தகையும் பிடித்தார். மண்ணைத் தொட்டுப் பார்த்தே ஈரம் சொல்லுகிற ஆள். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் மட்டும் அவருக்கு வேப்பங்காய்.

அவருடைய கண் வியாதி எங்களுக்குத் தெரியவந்ததே தற்செயல்தான். கண்ணாடி மாற்றலாம் என்று தஞ்சாவூருக்குப் போனோம். டாக்டர் என்னென்னவோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, வலது கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, இடது கண்ணிலும் ஓரங்கள் போக ஆரம்பித்துவிட்டன என்றார். இவர் சிரித்தார். "நல்லாத்தானே டாக்டர் தெரியுது எனக்கு?" என்றார். நேர்பார்வை கடைசி வரைக்கும் இருக்கும், ஓரம்தான் முதலில் போகும், அதனால்தான் யாருக்கும் தெரியாது என்று டாக்டர் விளக்கினார். தினமும் சாயங்காலம் சொட்டு மருந்து விடவேண்டும், ஆயுசுக்கும்.

"போட்டா சரியாயிடுமா?" என்று இவர் கேட்டார்.

"சரியாகாதுங்க. போனது திரும்பி வராது. இருக்கறது போகாம பாத்துக்கலாம். மருந்து போட்டதால நல்லா ஆனமாதிரி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நிறுத்தினாலும் உடனே ஒண்ணும் தெரியாது. அதுதான் இதுல இருக்கற ஆபத்து."

பேருந்தில் திரும்பி வரும்போது இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வலங்கைமான் தாண்டும்போது, "குணமாகாத வியாதிக்கு எதுக்கு மருந்து? என்னா நியாயம் இது?" என்றார். நியாயத்தை நான் எங்கே போய்த் தேடுவது? "போடச் சொன்னாருல்ல, போடுங்க" என்றேன். சில மாதம் நானே விட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலையைச் சாய்த்து, இமையை இழுத்துப் பிடித்து விடுவேன். எரிகிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி முனகுவார்.

எங்கள் சபை பெரிய கோயில் கிடையாது. தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு வழி. முன்னால் படி வைத்த சின்ன மேடை, அதில் ஒரு மேசை. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வியாதி குணமானது என்று சாட்சி சொல்கிறவர்கள், அதுவரை சாப்பிட்ட மருந்தையோ பிடித்த கம்பையோ கொண்டுவந்து அந்த மேசையில் வைத்துவிடவேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. பாஸ்டர் ஒருநாளும் வையுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வைக்காமல் சாட்சி சொன்னால் சனம் ஒரு மாதிரியாகப் பார்க்கும். பாதி நம்புகிறவன் என்று நினைக்கும்.

நான் முதலில் சொன்ன அந்த நாளில், உபவாச ஜெபத்தில் பாஸ்டர் இவருடைய நெற்றியில் எண்ணெய் பூசி நெடுநேரம் ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும், கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, பொடி எழுத்து வேதத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இவர் தடங்கல் இல்லாமல் வாசித்தார். அவ்வளவுதான். கூடம் அதிர்ந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று தகரத்தைப் பிளக்கிற சத்தம்.

நான் எதற்குக் கைதட்டவில்லை என்று இப்போது சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. தூரத்தில் வருகிற பேருந்தின் பலகைதான் தெரியாது. கிட்டத்தில் இருக்கிற எழுத்து, கண்ணாடியைக் கழற்றினால்தான் அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். விதைப் பாக்கெட்டில் கொசுமுட்டை மாதிரி அச்சடித்திருப்பதை எல்லாம் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுத்தான் படிப்பார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். இது அந்தக் கூடத்தில் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, அவருக்கு அது மறந்தே போய்விட்டது என்று புரிந்தது. கன்னமெல்லாம் கண்ணீர். கண் குணமாகிவிட்டது என்று சாட்சி சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக் கொண்டுபோய் முன்மேசையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏங்க, பொடி எழுத்து உங்களுக்கு எப்பவுமே தெரியுமே. அதுல என்னா அற்புதம்?"

"உனக்குப் படிச்ச திமிரு. எதைப் பாத்தாலும் சந்தேகம்."

"சந்தேகம் இல்லங்க, கணக்கு. டாக்டர் ஓரம் போவுதுன்னு சொன்னாரு. இவங்க நடுவுல டெஸ்ட் வச்சிருக்காங்க."

"கண்ணால பாத்துட்டுத்தான் நம்புவேன்னா அதுக்குப் பேரு விசுவாசமா டீச்சரம்மா?" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். சந்தோஷமாக இருந்தால்தான் என்னை டீச்சரம்மா என்பார். அந்தச் சந்தோஷத்தை அடித்து நொறுக்க எனக்கும் மனசு வரவில்லை. வேறு ஒரு மருந்துப் புட்டி வாங்கி வைத்தேன். தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

என்னை அவிசுவாசி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் ஜெபிக்கிறவள்தான். பிரசவத்தில் நான் பிழைத்ததே ஜெபத்தால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன், கூடவே ரத்தம் ஏற்றிய டாக்டரையும் நம்புகிறேன். இரண்டையும் ஒன்றாக நம்பினால் என்ன குறைந்துவிடும்? ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா? சமையல்கட்டில் நின்று ஆண்டவரோடு நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். "நீர் செய்தீரா, செய்யலையா? செஞ்சிருந்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லும். செய்யலன்னா இந்த மனுஷனுக்காவது சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல என்னைய ஏன் போட்டு வதைக்கிறீர்?" என்று கேட்பேன். பால் பொங்கும், அடுப்பை அணைப்பேன்.

அதற்குப் பிறகு நான் என் வீட்டுக்காரரைக் கவனிக்க ஆரம்பித்தேன். வலது தோள் அடிக்கடி நிலைப்படியில் இடித்தது. சாப்பிடும்போது தட்டுக்கு வலப்பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பைக் கை தட்டிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்கப் போனவர் இடுப்புவரை சேற்றோடு வந்தார். "வரப்பு வழுக்கிடுச்சு" என்றார். அவர் பிறந்ததிலிருந்து நடக்கிற வரப்பு. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பக்கவாட்டில் நகர்ந்தால், நான் இருந்த இடத்தையே பார்த்துக் கொஞ்சநேரம் பேசுவார். அப்போதெல்லாம் நான் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றுகொள்வேன்.

இதற்குள் அவருடைய சாட்சி ஊரைத் தாண்டிவிட்டது. வலங்கைமான் பக்கம் ஒரு கூட்டம், அதற்கப்புறம் இன்னொரு ஊர் என்று பாஸ்டர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கூட்டத்திலும் கண்ணாடியைக் கழற்றி, பொடி எழுத்தை வாசித்துக் காட்டினார். புதிதாகச் சில குடும்பங்கள் சபைக்கு வந்தன. வயலில் குனிந்து நிமிர்ந்தே பழகின மனுஷனைப் பத்துப் பேர் "பிரதர், பிரதர்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினால் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

குறுவை அறுப்பு முடிந்து எல்லோரும் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்த சமயம். எங்கள் பக்கம் பாதி ரோடு நெல், மீதிப் பாதியில்தான் வண்டி போகும். எல்லாருக்கும் பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். வலப்பக்கம் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து ஒதுங்காமல் நின்றாள், வண்டிக்காரன் விலகிப் போவான் என்றுதானே நினைப்பாள்? இவர் விலகவில்லை. நெல்லின் மேல் ஏறி, அவள் கையில் இருந்த மரப்பலகையில் மோதி, வண்டி சாய்ந்தது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்: "யோவ், கண்ணு தெரியலையாய்யா உனக்கு?"

எவ்வளவு சாதாரணமான திட்டு! தினமும் யாராவது யாரையாவது கேட்பதுதான். இவர் நெல்லுக்குள் கிடந்தபடியே, "தெரியுதும்மா! நல்லா தெரியுது!" என்று பதறிக்கொண்டு சொன்னார். திட்டுக்கு யாராவது அப்படிப் பதில் சொல்வார்களா? அந்தப் பெண்ணே திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் நெல்லைக் கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வண்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. "சாத்தான் உன் வாய் வழியாத்தான் பேசுறான்" என்றார். அவருக்கு அன்று நான் சோறு போடவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார், குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றினார், அதையும் நான் துடைக்கவில்லை. அப்புறம் அவர் வேறு குரலில் பேசினார். கோபம் எல்லாம் வடிந்த குரல்.

"நீ நினைக்கிற மாதிரி நான் ஏமாத்தலடி. எனக்குக் கண்ணு தெரியலன்னு நான் வாயால சொல்லிட்டேன்னா, ஆண்டவர் கொடுத்ததத் திருப்பி எடுத்துக்குவாரு. மருந்தத் தொட்டாலும் அப்படித்தான். பைபிள்ல பேதுரு, ஆண்டவர நம்பித் தண்ணி மேல நடந்தவன், காத்தப் பாத்துப் பயந்ததுந்தான் முழுகினான்."

இவ்வளவு நாளும் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பயந்துபோய்க் கிடந்திருக்கிறார். தன் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் கண் போய்விடும் என்று, நிலைப்படியில் இடித்துக்கொண்டும் வாய்க்காலில் விழுந்தும் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். இப்படி ஓர் ஆண்டவரையா நாம் கும்பிடுகிறோம் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு கொதித்தது. நோயாளி முனகினால் மருந்தைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஆண்டவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். காலை ஆகாரத்துக்கு உட்கார்ந்திருந்தார். இட்லிக்கு முன்னால் சர்க்கரை மாத்திரையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு மாத்திரை, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் விசுவாசமா பாஸ்டர்?"

அவர் முகம் சுண்டிப்போனது. நல்ல மனுஷர்தான், பொய் சொல்லத் தெரியாதவர். "நான் அவர நிறுத்தச் சொல்லலயேம்மா" என்றார்.

"போடச் சொன்னீங்களா?"

அவர் இட்லியைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவரு சாட்சியைக் கேட்டுத்தாம்மா கொஞ்சப் பேரு ஆண்டவர்கிட்ட வந்திருக்காங்க. இப்பப் போய் ஏதாவது சொன்னா அவங்க விசுவாசம் என்னாகும்?"

"அவங்க விசுவாசத்துக்கு எங்க வீட்டுக் கண்ணுதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்தினேன்.

இப்படியே போயிருந்தால் இடது கண்ணும் போயிருக்கும். என் பேச்சும் பாஸ்டரின் தயக்கமும் அவரை அசைத்திருக்காது. அசைத்தது வேறு ஒருத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேருந்து ஏறி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். என் வயதுதான் இருக்கும். வளையல் கடை வைத்திருக்கிறாளாம். இவருடைய சாட்சியை அங்கே நடந்த கூட்டத்தில் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் இதே வியாதி, இதே சொட்டு மருந்து. உள்ளே வரும்போதே கதவைத் தடவிக்கொண்டு வந்தாள். இவருக்கு வலப்பக்கம் கிடந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். டீ போட உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன். இந்த மனுஷன் இவளிடம் என்ன சொல்லப்போகிறார் என்பதை என் காதால் கேட்கவேண்டும் என்று இருந்தது. மருந்தை நிறுத்து என்று சொன்னால், அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

"நீங்க அன்னைக்குச் சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லண்ணே, அவ்வளவு சந்தோஷம்" என்றாள் அவள். "நானும் விசுவாசத்துல நிறுத்திடலாம்னு இருக்கேன். வீட்டுல யாரும் ஒத்துக்கல. அதான் உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

இவர் நேரே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் பையைத் திறந்து சொட்டு மருந்தை எடுத்தாள். இவர் பக்கம் நீட்டினாள்.

"இத நீங்களே வாங்கி ஜெபம் பண்ணுங்கண்ணே. அப்புறம் உங்க சபையில முன்னால வச்சிருங்க."

இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் நீட்டின கை நீட்டினபடி நின்றது. ஓர் அடி தூரம்கூட இல்லை. இவருக்கு அந்தக் கை தெரியவில்லை, அதில் இருந்த மருந்தும் தெரியவில்லை. அவள் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு இவரை. கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனாள். இன்னும் கொஞ்சம். மூக்குக்கு நேரே வந்தபோதுதான் இவர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "அண்ணே, எனக்கும் இப்படித்தான் இருக்கும். கருப்பாக்கூட இருக்காது. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். திடீர்னு ஆளு முளைச்சு வந்து நிக்கும்."

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"ஆமா" என்றார் இவர்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன்! டாக்டர், பாஸ்டர், பெண்டாட்டி யாரிடமும் வராத சொல், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வந்துவிட்டது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவள் பக்கம் முழுக்கத் திருப்பினார்.

"மருந்த விட்டுறாதம்மா" என்றார். "என்னப் பாத்து நீ விட்டுறாத. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் சந்தோஷப்படுவாள், தப்பித்தோம் என்று நினைப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் உங்கள நம்பித்தாண்ணே இத்தன நாளும் தைரியமா இருந்தேன்" என்றாள். டீ குடிக்காமலே எழுந்துவிட்டாள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அக்கா, ஆண்டவர் யாருக்கும் செய்யறதே இல்லையா?" செய்வார் என்றேன். எனக்கே என் குரல் ஒட்டவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்காரரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். ஒரு கண்ணை மூடி, கிண்ணம் மாதிரி இருக்கிற பெரிய கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே பொட்டு வெளிச்சம் வரும், தெரிகிறபோதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அழுத்தவேண்டும். நான் பின்னால் உட்கார்ந்து அந்தப் பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் வரவே இல்லை. அழுத்துங்களேன், அழுத்துங்களேன் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். எப்போதாவது ஒரு தடவை டிக் என்று கேட்கும், மறுபடி அமைதி. வலது கண் முற்றிலும் போயிருந்தது. இடது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இருக்கறதக் காப்பாத்தப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலத்திலிருந்து மறுபடி சொட்டு மருந்து. எரிகிறது என்று அவர் முனகவில்லை.

சனிக்கிழமை பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் எல்லாவற்றையும் சொன்னார். பாஸ்டர் கண்கலங்கி, "எங்கிட்டச் சொன்னீங்கல்ல, அது போதும் பிரதர். மேசையில மருந்து வைக்கிற பழக்கத்த நானே நிறுத்திடறேன். சபையில நீங்க எழுந்து பேச வேண்டாமே" என்றார்.

"சபையில சொன்னதச் சபையிலதான் பாஸ்டர் திருப்பிச் சொல்லணும்" என்றார் இவர். இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தாய், இப்போது சந்தோஷம்தானே என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். சந்தோஷம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சாட்சி நேரத்தில் இவர் எழுந்து முன்னால் போனார். மைக்கைப் பிடித்ததுமே முன்வரிசையிலிருந்து "ஸ்தோத்திரம்" வந்தது. இவர் எழுந்தால் என்ன சொல்வார் என்று எல்லாருக்கும் மனப்பாடம்தானே.

"எனக்குக் கண்ணு குணமாகல" என்றார்.

"ஆமென்!" என்றது கூடம். பழக்கத்தில் வந்துவிட்டது. அப்புறம்தான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"வலது கண்ணு போயிருச்சு. இடது கொஞ்சம் இருக்கு. குணமாயிடுச்சுன்னு நான் சொன்னேன், ஆண்டவர் சொல்லல. மருந்து சாப்பிடற யாரும் என்னப் பாத்து நிறுத்தியிருந்தா, இன்னைக்கே போய் சாப்பிடுங்க. நான் ஆண்டவர விட்டுப் போகல. அவரு எனக்குச் செய்யல, அவ்வளவுதான். ஏன்னு எனக்கு யாரும் சொல்லவேண்டாம்."

எனக்கு என்ன நடந்தது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 'செய்யல' என்ற சொல் காதில் விழுந்ததும் என் நெஞ்சுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. ஐயோ என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டு, பொத்தான் சத்தத்தைக் கேட்டு, சண்டைபோட்டு, கணக்குப் பேசி, இத்தனைக்கும் பிறகு, என் மனதின் அடியில் எங்கேயோ நானும் அந்த அற்புதத்தை நம்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். நான் தப்பாக இருக்கவேண்டும், அவர் சரியாக இருக்கவேண்டும், ஒருநாள் அவர் தன் வலப்பக்கம் நிற்கிற என் சேலைக் கரையின் நிறத்தைச் சொல்லி என்னைக் கேலி செய்யவேண்டும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்றைக்குக் கைதட்டாதவள், எல்லாரும் பார்க்க, தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் மைக்கை வைத்துவிட்டார். இறங்கவில்லை. படியில் ஸ்பீக்கர் ஒயர் கிடந்தது, பக்கத்தில் கீபோர்டு ஸ்டாண்டு. இத்தனை நாளும் எண்ணி எண்ணிக் கால் வைத்துத் தானே இறங்குகிறவர், அன்றைக்கு நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் நீட்டினார். யார் பிடிப்பார்கள் என்று தெரியாமல் காற்றில் நீட்டினார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் சபையில் பெண்கள் நடுவழியைத் தாண்டி முன்னால் போகிற வழக்கம் கிடையாது. நான் எழுந்து போனேன்.

என் கை பட்டதும் அவருக்கு யார் என்று தெரிந்துவிட்டது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் நம்மளப் பாக்குறாங்களா?" என்று என் காதோரம் கேட்டார்.

"பாக்குறாங்க" என்றேன்.

"நீ அழுறியா?"

"ஆமா."

"நானும் ரொம்ப நம்பினேன்டி" என்றார். நாங்கள் இரண்டு பேரும் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினோம்.